பிரிண்ட் கொடுத்த பிடிஎஃப்பில் எழுத்து எங்கே போனது?

எதையாவது பிடிஎஃப் ஆக்க வேண்டும் என்றால் நம்மில் பெரும்பாலோருக்குக் கை தானாகப் போகும் இடம் கன்ட்ரோல்-பி. பிரிண்டர் பட்டியலில் பிடிஎஃப் என்று முடிகிற பெயரைத் தேர்ந்தெடுக்கிறோம், எங்கே சேமிப்பது என்று கேட்டதும் ஒரு பெயரைக் கொடுக்கிறோம், வேலை முடிந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் மூலத்தில் இருந்தது அச்சு அசலாக இருக்கிறது. அதனால் பிரிண்ட் கொடுப்பதும் பிடிஎஃப்பாகச் சேமிப்பதும் ஒன்றுதான் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இரண்டும் வேறு என்று யாரிடம் சொன்னாலும், "பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?" என்ற பதில்தான் வருகிறது. அந்தப் பதில் என்னை நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆமாம், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. பார்ப்பதைத் தவிர வேறு எதையாவது அந்த ஃபைலை வைத்துச் செய்யப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியவருகிறது. பெரும்பாலும் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இப்படித் தாளுக்குப் பதில் ஃபைலாக அச்சிடும் விர்ச்சுவல் பிரிண்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணினி உலகில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் அது ஒன்று. எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருவது புரியும்.

இல்லாத பிரிண்டர் சொல்லும் பதில்கள்

பிரிண்ட் கொடுக்கும்போது மென்பொருள் முதலில் டிரைவரை, அதாவது பிரிண்டருக்காகப் பேசும் சிறு மென்பொருளை, விசாரிக்கும். தாள் என்ன அளவு, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, ஓரத்தில் மை படாத இடம் எவ்வளவு, கலரா கறுப்பு வெள்ளையா? நிஜ பிரிண்டரின் டிரைவர் தன் இயந்திரத்துக்குத் தகுந்தபடி பதில் சொல்லும். விர்ச்சுவல் பிரிண்டரின் டிரைவருக்குப் பின்னால் இயந்திரமே கிடையாது. ஆனாலும் "ஏ4 தாள், 600 புள்ளி, கலர் உண்டு" என்று தயங்காமல் சொல்லும். அதை நம்பி மென்பொருள் பக்கத்தை வரைய ஆரம்பிக்கிறது. இந்த இடத்தில் இந்த எழுத்து வடிவம், இங்கிருந்து அதுவரை ஒரு கோடு, இந்தக் கட்டத்துக்குள் இந்தப் படம். இந்தக் கட்டளைகள் நிஜ பிரிண்டரில் மையாகத் தாளில் இறங்கும். இங்கே பிடிஎஃப் கட்டளைகளாக மாறி ஒரு ஃபைலில் போய் உட்காரும். பதில்கள் முக்கியம் என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: வேர்டில் பிரிண்டரை மாற்றினால் சில சமயம் பக்கம் முறியும் இடமே மாறிவிடும். தாளைப் பற்றி டிரைவர் சொன்னதை வைத்து அது வரிகளை மறுபடி அடுக்குகிறது.

இதில் உள்ள அழகு என்னவென்றால், எதிர்முனையில் இருப்பது பிடிஎஃப் ஃபைல் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியவே வேண்டாம். பிடிஎஃப் என்ற பேச்சே எழாத காலத்தில் எழுதிய கணக்கு மென்பொருளில்கூட, டிரைவர் வழியாகப் பிரிண்ட் கொடுக்கத் தெரிந்தால் போதும், பிடிஎஃப் எடுத்துவிடலாம். அதை எழுதியவர் தொழிலை விட்டே போயிருந்தாலும் பரவாயில்லை. இப்படி எல்லாருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் கதவு கணினியில் அபூர்வம்.

ஆரம்பம் முதலே பிடிஎஃப்பும் பிரிண்டரும் ஒட்டிப் பிறந்தவை. அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட், பிரிண்டருக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழி. 1991இல் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக், கேமலாட் என்ற பெயரில் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார். எந்தக் கணினியிலும் எந்தத் திரையிலும் ஒரு ஆவணம் ஒரே மாதிரி தெரிய வேண்டும், எந்தப் பிரிண்டரிலும் ஒரே மாதிரி அச்சாக வேண்டும் என்பதே அதன் மையம். அதிலிருந்து 1993இல் பிடிஎஃப்பும், அதைக் கையாளும் அக்ரோபேட் மென்பொருளும் வந்தன. அக்ரோபேட்டின் முதல் பதிப்பிலேயே பிடிஎஃப் ரைட்டர் என்ற விர்ச்சுவல் பிரிண்டர் இருந்தது. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு, பீட்டர் டாய்ச் 1988இலேயே வெளியிட்டிருந்த, போஸ்ட்ஸ்கிரிப்டைப் படிக்கும் இலவச மென்பொருளான கோஸ்ட்ஸ்கிரிப்ட் கைகொடுத்தது. ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரை நிறுவி, அது அனுப்புவதைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கம் திருப்பிவிட்டால் பிடிஎஃப் தயார். பிடிஎஃப்கிரியேட்டர், க்யூட்பிடிஎஃப் போன்றவை இந்த ஏற்பாட்டைத்தான் ஓர் அழகான முகப்போடு கொடுத்தன. விண்டோஸ் 10 வந்த 2015இல் பிடிஎஃப் பிரிண்டர் கூடவே வந்துவிட்டது. மேக்கில் அதற்கும் பல வருடம் முன்பிருந்தே பிரிண்ட் ஜன்னலுக்குள் அந்த வசதி உண்டு.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது வசதியைத் தாண்டிய விஷயம், உயிர்காத்த விஷயம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் தரும் யூனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம். டிஸ்கி ஒரு பக்கம், டாப், டாம் இன்னொரு பக்கம், பாமினி மற்றொரு பக்கம். வேர்ட் ஃபைலை அனுப்பினால் வாங்கியவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இறைந்து கிடக்கும். பிடிஎஃப் எழுத்துருவையும் தனக்குள் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் அதுவே முழு வெற்றி. பார்க்கச் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை நமக்குள் வேர்விட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அது நியாயமான நம்பிக்கை.

சொல்லடைவு செய்ய உட்கார்ந்தபோது

நண்பர் ஒருவர் மறைந்த தன் ஆசிரியரின் கட்டுரைகளை எல்லாம் திரட்டித் தொகுத்திருந்தார். எல்லாமே பிடிஎஃப். எழுத்துரு, ஓரம், பக்க எண், அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றிலும் அவருடைய அக்கறை தெரிந்தது. கடைசியில் ஒரு சொல்லடைவு சேர்த்துவிட்டால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவும், கொஞ்சம் கூட இருந்து செய்து கொடு என்று கேட்டார். யூனிகோடில் தட்டச்சு செய்த கட்டுரைகள்தான். அதனால் தேடி, பக்க எண்ணைக் குறித்து, வரிசைப்படுத்தினால் போதும் என்று உட்கார்ந்தோம்.

தேடல் பெட்டியில் "கோயில்" என்று அடித்தேன். எதுவும் கிடைக்கவில்லை என்றது. ஆனால் திரையில் திறந்திருந்த பக்கத்திலேயே, இரண்டாவது பத்தியில் "கோயில்" இருந்தது. "மரம்" என்று அடித்தேன், வரிசையாக வந்தது. "தேர்" வரவில்லை. "கை" வரவில்லை. "படம்" வந்தது. எது வருகிறது, எது வரவில்லை என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பது போலத் தோன்றவே, அந்த இரண்டாவது பத்தியைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டினேன். அங்கே இருந்தது "ேகாயில்". முதலில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும் இரட்டைக் கொம்பு, அப்புறம் "கா". "தேர்" என்பது "ேதர்" ஆகியிருந்தது, "கை" என்பது "ைக". பத்தி முழுக்க எங்கெல்லாம் எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு வருமோ அங்கெல்லாம் இப்படி உடைந்திருந்தது. "குடும்பம்" இன்னும் மோசம். "கு" இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம், "டு" இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கட்டம், பின்னால் "ம்பம்".

நண்பர் வெகுநேரம் அந்த நோட்பேடையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஜன்னலில் அதே பத்தி ஒரு குறையும் இல்லாமல் நின்றது. "வேர்ட் ஃபைல் இருக்கில்ல?" என்று கேட்டேன். "பிடிஎஃப் தான் எடுத்தாச்சே, அப்புறம் அது எதுக்குன்னு விட்டுட்டேன். அந்த கம்ப்யூட்டரும் இப்ப இல்ல" என்றார். பிடிஎஃப் எல்லாமே பிரிண்ட் கொடுத்து எடுத்தவை.

நடந்தது இதுதான். யூனிகோடில் "கோ" என்பது முதலில் "க", அதன் பின் ஓகாரக் குறி. நாம் அடிப்பதும் சேமிப்பதும் அந்த வரிசையில்தான். திரையில் காட்டும்போது மட்டும் மென்பொருள் அதைக் கொம்பு, "க", கால் என்று மூன்று வடிவங்களாகப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. "கு", "டு" போன்றவற்றுக்கு எழுத்துருவுக்குள் தனியாக ஒரு வடிவம் இருக்கும். அதற்கு ஒரு வரிசை எண்ணைத் தவிர யூனிகோடில் நேரடியான முகவரி கிடையாது. பிரிண்ட் கட்டளை கிளம்பும்போது இந்த வடிவமைப்பு வேலை எல்லாம் முடிந்திருக்கும். டிரைவரின் கைக்கு வருவது பெரும்பாலும் "இந்த எழுத்துருவின் இத்தனையாவது வடிவத்தை இங்கே வை" என்பது மட்டும்தான். அது என்ன எழுத்து என்று தாளுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, அதனால் பிரிண்டருக்கும் யாரும் சொல்வதில்லை. சில டிரைவர்கள் எழுத்துருவைத் துழாவி, இந்த வடிவம் இந்த எழுத்தாக இருக்கலாம் என்று ஓர் அட்டவணை தயாரித்துப் பிடிஎஃப்பில் சேர்க்கும். ஆங்கிலத்துக்கு அது அநேகமாகச் சரியாக வந்துவிடும், அங்கே எழுத்தும் வடிவமும் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று. தமிழில் பாதி வரும், பாதி வராது. நாங்கள் பார்த்தது அந்தப் பாதியைத்தான்.

இதற்குப் பிடிஎஃப்பைக் குறை சொல்லக் கூடாது. இந்த வடிவங்கள் சேர்ந்து நிற்கும் இடத்தில் உண்மையான எழுத்து இதுதான் என்று பக்கத்திலேயே குறித்து வைக்கும் வசதி பிடிஎஃப்பில் உண்டு. ஆனால் குறித்து வைக்க வேண்டியவருக்கு மூல எழுத்து தெரிந்திருக்க வேண்டும். வேர்டுக்குத் தெரியும், அதைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்குத் தெரியும். பிரிண்டருக்கு எங்கே தெரியும்? நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்கான பிடிஎஃப்/ஏ தரத்தை வகுத்தவர்களும் இந்தப் பிரிவினையைத்தான் நிலைகளாக வைத்திருக்கிறார்கள். 2005இல் வந்த முதல் பகுதியிலேயே இரண்டு நிலைகள். அடிப்படையான "பி" நிலைக்குப் பார்க்க அதே மாதிரி இருந்தால் போதும். "ஏ" நிலைக்குத் தலைப்பு, பத்தி, படிக்கும் வரிசை எல்லாம் உள்ளே பதிவாகியிருக்க வேண்டும். 2011இல் வந்த இரண்டாம் பகுதியில், நடுவில் "யு" என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் மதிப்பு இருந்தாக வேண்டும். பார்க்கத் தெரிவது, எழுத்தாக இருப்பது, ஆவணமாக இருப்பது என்று மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. நாம் முதலாவதைப் பார்த்துவிட்டு மூன்றும் கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

கண் பார்வை இல்லாத ஒரு தோழியிடம் இந்தத் தொகுப்பைப் பற்றிச் சொன்னபோது, தமிழ் பிடிஎஃப் என்றாலே திறப்பதற்கு முன் தயக்கம் வரும் என்றார். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வடிவத்தைப் படிப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் படிக்கும். கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் கிடந்தால் அது உளறும், கட்டம் வந்தால் தாண்டிப்போகும். எழுத்து சரியாக இருந்தாலும், எது தலைப்பு, எது அடிக்குறிப்பு என்ற குறிப்பு உள்ளே இல்லையென்றால் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண்ணை வாக்கியத்தின் நடுவே கேட்க வேண்டியிருக்கும். சொல்லடைவு இல்லாமல் எனக்கு ஒரு நூலைப் படிக்க முடியும். அவருக்கு அந்த நூலே இல்லை. இதைக் கேட்ட பிறகு "பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு" என்ற பதிலை என்னால் சும்மா கேட்டுக்கொண்டு போக முடியவில்லை.

தாள் தாங்காதது எல்லாம்

எழுத்து மட்டும் போவதில்லை. தாளால் சுமக்க முடியாத எதையும் பிரிண்டர் வழி சுமக்காது. இணைப்புகள் நீலமாக, அடிக்கோட்டோடு தெரியும், அழுத்தினால் எங்கும் போகாது. இடப்பக்கம் வரும் அத்தியாயப் பட்டியல் இருக்காது. நிரப்பும் படிவமாக இருந்தால் பெட்டிகள் வெறும் கோடுகளாகிவிடும்.

இதில் எல்லாரும் கவனிக்க வேண்டியது டிஜிட்டல் கையொப்பம். கையொப்பமிட்ட பிடிஎஃப் பத்துப் பக்கம் இருக்கிறது, எனக்கு இரண்டு பக்கம் போதும் என்று அதையே மறுபடி பிடிஎஃப்பாகப் பிரிண்ட் கொடுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கையொப்பம் என்பது அந்த ஃபைலின் பைட்டுகளைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கைப் பூட்டி உள்ளே வைப்பது. பிரிண்ட் கொடுத்தால் வருவது புத்தம் புதிய ஃபைல். கையொப்பமிட்டவர் பெயரும் தேதியும் பக்கத்தில் படமாக நிற்கும், சரிபார்க்கப் போனால் சரிபார்க்க எதுவும் இருக்காது. அந்த ஆவணத்தை வாங்குபவர் நிராகரித்தால் அவர் செய்வது சரிதான். மூல ஃபைலை முழுதாக, பெயரைத் தவிர எதையும் மாற்றாமல் அனுப்ப வேண்டும்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்றும் உலவுகிறது. ரகசியமான வரியின் மேல் கறுப்புப் பட்டையை வரைந்து, பிடிஎஃப்பாகப் பிரிண்ட் கொடுத்துவிட்டால் அடியில் இருப்பது அழிந்துவிடும் என்பது. அழியும் என்று நம்பவே கூடாது. டிரைவருக்கு முதலில் எழுத்தை வரை என்று கட்டளை போகிறது, அப்புறம் அதன் மேல் பட்டையை வரை என்று. இரண்டையுமே அது விசுவாசமாக ஃபைலில் எழுதிவைக்கும். பட்டைக்கு அடியில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பிரதி எடுத்தால் அநேகமாக வந்துவிடும். அழிய வேண்டும் என்றால் மூலத்தில் அந்த வரியையே நீக்க வேண்டும், அல்லது பக்கத்தை முழுப் படமாக மாற்ற வேண்டும். பிரிண்டர் எதைப் போக்கும், எதைப் போக்காது என்பது நம் விருப்பத்தைப் பொறுத்து அமைவதில்லை.

சரி, எப்போதுதான் பிரிண்டரைப் பயன்படுத்துவது? தாள் போதுமாக இருக்கும் இடத்தில் எல்லாம். ஒருமுறைதான் காட்டுவோம் என்று வரும் ரசீதுப் பக்கம், ஏற்றுமதி வசதியே இல்லாத பழைய மென்பொருளின் அறிக்கை, இரண்டு பக்கத்தை ஒரே பக்கமாக அடுக்குவது, பூர்த்தி செய்த படிவத்தை இனி யாரும் பெட்டிக்குள் தட்டித் திருத்த முடியாதபடி இறுக்குவது. இவற்றுக்கு அதைவிட எளிய வழி இல்லை. ரசீது எடுக்கும்போது உலாவியின் பிரிண்ட் ஜன்னலில் தலைப்பு, அடிக்குறிப்பு என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். பக்கத்தின் முகவரியும் எடுத்த தேதியும் ஓரத்தில் பதிவாகும், பின்னால் வழக்கு வம்பு என்று வந்தால் அந்தச் சின்ன எழுத்துதான் பேசும். நீளமான பக்கமாக இருந்தால் முதலில் கடைசிவரை உருட்டிவிட்டு வாருங்கள். பல தளங்களில் கண்ணில் படும்போதுதான் படமே இறங்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸில் க்ரோமின் பிரிண்ட் பட்டியலில் பிடிஎஃப் இரண்டு பெயரில் வரும். "சேவ் ஆஸ் பிடிஎஃப்" என்பது ஒன்று, "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்பது இன்னொன்று. பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒன்று போலத் தோன்றும். முதலாவது பிரிண்டரே கிடையாது, உலாவி தானே பிடிஎஃப்பை எழுதுகிறது. எழுத்து என்ன, இணைப்பு எங்கே போகிறது, எது தலைப்பு என்பதெல்லாம் உலாவிக்குத் தெரியும், அவற்றைக் கூடவே எழுதி வைக்கவும் செய்கிறது. இரண்டாவது டிரைவர் வழியாகப் போவது. யார் தயாரித்தது என்பதைப் பிடிஎஃப்பின் விவரங்கள் பகுதியில், தயாரிப்பாளர் என்ற வரியில் பார்க்கலாம்.

வேர்டில் 2007 பதிப்பிலிருந்தே நேரடியாகப் பிடிஎஃப்பாகச் சேமிக்க வழி உண்டு, ஆரம்பத்தில் ஒரு சிறு துணை மென்பொருளை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஓபன் ஆபீஸ் 2003இலேயே கொண்டுவந்துவிட்டது. லிப்ரே ஆபீஸின் ஏற்றுமதி ஜன்னலில் ஹைப்ரிட் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் மூல ஆவணம் முழுவதும் பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். பார்ப்பவர் பிடிஎஃப்பாகப் பார்க்கலாம், லிப்ரே ஆபீஸில் திறந்தால் மூலமாகவே திருத்தலாம். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். தமிழில் நூல் தொகுப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் இந்த ஒரு பெட்டியைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

நண்பரின் தொகுப்பை மீட்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. முன்னால் வந்த கொம்பைப் பின்னால் தள்ளி, கொம்பையும் காலையும் ஒட்டி "கொ", "கோ" ஆக்குவதற்கு ஒரு சின்ன நிரல் போதுமாக இருந்தது. கட்டமாகிப்போன எழுத்துகளுக்கு, அந்த எழுத்துருவின் எந்த வரிசை எண் எந்த எழுத்து என்று பக்கத்தைப் பார்த்துக் கையால் ஒரு பட்டியல் போட்டோம். நிரலால் தீர்க்க முடியாமல் மிஞ்சுவது ஔகாரம். கொம்பு, "ம", "ள" என்று மூன்று வடிவம் வந்தால் அது "மௌ" ஆகவும் இருக்கலாம், "மெள" ஆகவும் இருக்கலாம், அந்த எழுத்துருவில் வடிவத்தில் வேறுபாடு கிடையாது. "மௌ" எது, "மெள" எது என்று ஒவ்வொரு இடத்தையும் ஒருவர் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நண்பர் அதைச் செய்கிறார். முடிந்த கட்டுரைகளை ஹைப்ரிட்டாகச் சேமித்து, முதலில் தோழிக்கு அனுப்புகிறோம். எங்கே தடுக்குகிறது என்று அவர் கேட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டுரையைத் தொடுகிறோம்.